எல்லோருக்கும் ஒரே நாளில் வேண்டாம்

ரிலீஸ் இரவுகள் ஒரு காலத்தில் எனக்கு மிகவும் பிடிக்கும். சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலையில் இருக்கும் ஒரு நிறுவனத்தில், மொத்த வியாபாரிகளுக்கும் மருந்துக் கடைகளுக்குமான பில்லிங் மென்பொருள் எழுதுவது என் வேலை. வருடத்தில் சில தடவை புதிய பதிப்பு வெளிவரும். அன்று இரவு யாரும் வீட்டுக்குப் போவதில்லை. பரோட்டா பார்சல் வரும். டேட்டாபேஸ் பார்ப்பவர், டெஸ்டிங் செய்பவர், சப்போர்ட் ஆட்கள் எல்லோரும் ஒரே அறையில் உட்கார்ந்திருப்போம். விடியற்காலையில் ஏதாவது ஒன்று உடையும். பெரும்பாலும் நான்தான் அதைச் சரிசெய்வேன். காலையில் மேலாளரிடமிருந்து பாராட்டு மின்னஞ்சல் வரும். இத்தனை மாற்றங்களை மூட்டையாகக் கட்டி ஒரே இரவில் இறக்கினால் உடையாமல் என்ன செய்யும் என்று அந்த மின்னஞ்சலில் யாரும் கேட்டதில்லை. நானும் என்னையே கேட்டுக்கொள்ளவில்லை.

எனவே, இனி புதிய வசதிகளை ஃபீச்சர் ஃபிளாக் வைத்து வெளியிடலாம் என்று எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருவர் சொன்னபோது முதலில் எதிர்த்தவன் நான். சபையில் நான் சொன்ன காரணங்கள் எல்லாம் தொழில்நுட்பக் காரணங்கள். ஃபிளாக் இருக்கும் இடத்திலெல்லாம் நிரல் இரண்டாகக் கிளை பிரியும். பத்து ஃபிளாக் வைத்தால் 1,024 விதமான சேர்க்கைகள் வரும். அத்தனையையும் யார் டெஸ்ட் செய்வது? இந்த வாதங்களில் தப்பில்லை, இன்றைக்கும் இவை செல்லும். சபையில் சொல்லாத காரணம் வேறு. எதுவுமே உடையாத ஒரு ரிலீஸில் எனக்கு என்ன வேலை என்ற பயம்தான் அது.

அந்தப் பெண் சொன்னது எளிமையான யோசனை. புதிய வசதிக்கான நிரலை வாடிக்கையாளரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது ஒரு காரியம்; அதை அவர் கண்ணுக்குக் காட்டுவது இன்னொரு காரியம். இரண்டையும் ஒரே நாளில் செய்யவேண்டும் என்று கட்டாயமில்லை. நிரல் முன்கூட்டியே போய் உறங்கிக்கொண்டிருக்கும். எங்கள் சர்வரில் ஒரு மதிப்பை மாற்றினால் குறிப்பிட்ட கடைகளுக்கு மட்டும் அது விழித்துக்கொள்ளும். கோளாறு என்றால் மறுபடி மாற்றினால் போதும், பழைய திரை வந்துவிடும். இது அவர் கண்டுபிடித்ததும் அல்ல. ஃபிளிக்கர் நிறுவனத்தார், தாங்கள் எல்லோரும் ஒரே நிரல் கிளையில் வேலைசெய்து, முடியாத வசதிகளை ஃபிளாக் கொண்டு மூடிவைப்பதைப் பற்றி 2009 டிசம்பரிலேயே விரிவாக எழுதியிருக்கிறார்கள். ஃபேஸ்புக் 2008இல் சாட் வசதியைக் கொண்டுவருவதற்கு முன், பயனர்களின் திரையில் எதையும் காட்டாமல், அவர்களுடைய உலாவிகள் பின்னணியில் சாட் சர்வர்களோடு பேசும்படி செய்து சுமையைச் சோதித்துப் பார்த்தது.

இதையெல்லாம் கேட்டும் நான் அசையவில்லை. என்னை அசைத்தது இ-வே பில்.

2018 பிப்ரவரி 1. ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள சரக்கு மாநிலம் விட்டு மாநிலம் போனால் இ-வே பில் கட்டாயம் என்ற விதி நாடு முழுவதும் அன்று நடைமுறைக்கு வந்தது. முதல் நாளே இணையதளம் தடுமாறியது. அன்றைக்கே அரசு கட்டாயத்தைத் தள்ளிவைத்துவிட்டது. அவர்களுக்கு ஓர் அறிவிப்பு போதுமாக இருந்தது, எங்களுக்குப் போதவில்லை. இ-வே பில் எண்ணைக் கட்டாயமாகக் கேட்கும் பதிப்பை முன்கூட்டியே எல்லாக் கடைகளுக்கும் அனுப்பி முடித்திருந்தோம். எண் இல்லாவிட்டால் பில் சேமிக்காது. அரசு வேண்டாம் என்று சொன்ன எண்ணை எங்கள் மென்பொருள் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. கட்டாயத்தை நீக்கிய பதிப்பை நாங்கள் தயார் செய்து, ஊர் ஊராக டீலர்கள் பென் டிரைவில் கொண்டுபோய்ப் போட்டு முடிப்பதற்குள், கடைக்காரர்கள் தாங்களே வழி கண்டுபிடித்துவிட்டார்கள். இ-வே பில் எண்ணுக்கு 12 இலக்கம். பன்னிரண்டு பூஜ்யங்களைத் தட்டிவிட்டு வியாபாரத்தைப் பார்த்தார்கள். அந்தப் பூஜ்யங்களை டேட்டாபேஸிலிருந்து துடைத்தெடுக்கும் வேலை பிற்பாடு என்னிடம்தான் வந்தது.

அதன்பிறகு நடந்ததை நான் கூர்ந்து கவனித்தேன். 2018 ஏப்ரல் 1 அன்று இ-வே பில் மறுபடி வந்தது, மாநிலங்களுக்கு இடையே போகும் சரக்குக்கு மட்டும். மாநிலத்துக்குள் போகும் சரக்குக்கு, சில சில மாநிலங்களாகப் பிரித்துக் கொண்டுவந்தார்கள். தமிழ்நாட்டின் முறை ஜூன் 2. அடுத்து இ-இன்வாய்ஸ் வந்தபோது இந்த நிதானம் இன்னும் கூடியிருந்தது. 2020 அக்டோபர் 1 அன்று ஆண்டு விற்றுமுதல் 500 கோடி ரூபாய்க்கு மேல் உள்ள நிறுவனங்களுக்கு மட்டும் கட்டாயம். 2021 ஜனவரியில் 100 கோடி, அதே ஆண்டு ஏப்ரலில் 50 கோடி, 2022 ஏப்ரலில் 20 கோடி, அக்டோபரில் 10 கோடி, 2023 ஆகஸ்டில் 5 கோடி என்று வரம்பு இறங்கிக்கொண்டே வந்தது. ஒரு நாட்டின் வரி நிர்வாகமே படிப்படியாக இறங்கும்போது, சில ஆயிரம் கடைகளை வைத்திருக்கும் எங்களுக்கு ஒரே இரவில் எல்லோருக்கும் என்ற பிடிவாதம் எதற்கு? அந்தப் பெண்ணிடம் போய், ஃபிளாக் வேலையை எங்கிருந்து தொடங்கலாம் என்று கேட்டேன். அவர் ஏற்கெனவே பாதி எழுதிவைத்திருந்தார்.

ஏற்பாடு இதுதான். ஒவ்வொரு கடைக்கும் எங்களிடம் ஓர் எண் உண்டு. அந்த எண்ணையும் ஃபிளாக்கின் பெயரையும் சேர்த்து ஒரு ஹாஷ் கணக்கில் போட்டு நூறால் வகுத்தால் 0 முதல் 99 வரை ஒரு மீதி வரும். ஐந்து சதவீதம் கடைகளுக்குத் திறக்கவேண்டுமானால், மீதி ஐந்துக்குக் கீழே இருக்கும் கடைகளுக்குப் புதிய திரை. ஒரே கடைக்கு எப்போதும் ஒரே மீதி வருவதால், காலையில் புதிய திரை, மதியம் பழைய திரை என்று கடைக்காரர் தலைசுற்ற வேண்டியதில்லை. ஃபிளாக்கின் பெயரையும் சேர்ப்பது ஏனென்றால், சேர்க்காவிட்டால் எந்த வசதி வந்தாலும் அதே கடைகள்தான் முதலில் மாட்டும். இணைய இணைப்பு அறுந்துபோனால் கடைசியாகத் தெரிந்த மதிப்பு நிற்கும். எதுவுமே தெரியாவிட்டால் பழைய திரை. கடைசியாகச் சொன்ன இந்த விதி சின்னதாகத் தெரியும். ஆனால் எங்கள் வாடிக்கையாளர்களில் பலருக்கு மின்சாரமும் இணையமும் ஒருநாள் போல் மறுநாள் இருப்பதில்லை. ஃபிளாக் சர்வர் செத்தால் கடை நிற்கக்கூடாது என்பதை முதல் நாளே எழுதி வைத்தோம்.

ஆனால் ஹாஷ் கணக்குக்கு நாங்கள் உடனே போய்விடவில்லை. ஆரம்பத்தில் யாருக்கு முதலில் திறப்பது என்பதைக் கையால்தான் தேர்ந்தெடுத்தோம். டீலர்களிடம் பெயர் கேட்டோம். அவர்கள் தங்களுக்கு வேண்டிய கடைகளின் பெயரைக் கொடுத்தார்கள்: நல்ல கணினி, வேகமான இணையம், பேசிப் பழகிய முதலாளி. எல்லாக் கடைகளிலிருந்தும் பாராட்டுத்தான் வந்தது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது ஒரே உலையில் வெந்த சோற்றுக்குப் பொருந்தும். நாங்கள் எடுத்துப் பார்த்தது முழுவதும் வெந்த இடத்துச் சோறு. ஹாஷ் கணக்கு வந்தபிறகுதான் விருதுநகர் பருப்பு மண்டியும் கூடலூர் மருந்துக் கடையும் ஒரே ஐந்து சதவீதத்துக்குள் வந்தன.

அப்போதும் ஒன்று புரியவில்லை. மெதுவாகப் போவதையே பாதுகாப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

புதிய பில்லிங் திரையை ஐந்து சதவீதம் கடைகளுக்குத் திறந்திருந்த சமயம். பிழைப் பதிவுகளில் ஒன்றும் இல்லை. சப்போர்ட் எண்ணுக்கு அழைப்பும் இல்லை. பத்து, இருபது என்று ஏற்ற எல்லோரும் தயாராக இருந்தோம். அந்தப் பெண்தான் ஒரு கணக்கைக் காட்டினார். புதிய திரை திறந்திருக்கும் கடைகளில் மாலை நேரத்தில் பில் எண்ணிக்கை குறைந்திருந்தது. இரவில் கடை அடைக்கும் நேரத்தில் திடீரென்று ஏறியது. பழைய திரை உள்ள கடைகளில் அப்படி இல்லை. விருதுநகர் மண்டிக்காரருக்கு நானே போன் செய்தேன்.

"கூட்டம் நிக்கும்போது உங்க புது ஸ்கிரீன்ல மவுஸத் தேட வேண்டியிருக்கு தம்பி. முன்னாடியெல்லாம் எண்டர் தட்டிக்கிட்டே போவோம். இப்ப பில் புக்குல எழுதிக் குடுத்துட்டு, ராத்திரி உக்காந்து ஏத்திக்கிறேன்."

"எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேண்ணே?"

"எல்லாக் கடைக்கும் மாத்திட்டீங்கன்னுல்ல நெனச்சேன். ஊருக்கே வந்தது நமக்கும்னு இருந்துட்டேன்."

அப்படியில்லை, நூற்றுக்கு ஐந்து கடைக்குத்தான் கொடுத்திருக்கிறோம் என்று விளக்கினேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"அப்ப எங்க கடைய வச்சுத்தான் பாத்துக்கிட்டு இருக்கீங்களா?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அன்றே ஃபிளாக்கை இறக்கிவிட்டோம். பிழைப் பதிவு பூஜ்யமாக இருந்ததன் காரணமும் புரிந்தது. உபயோகிக்காத திரையில் பிழை எப்படி வரும்? கடைக்காரர் தோற்றுப்போய்க் காகிதத்துக்குத் திரும்பியதை எங்கள் கணினி வெற்றியாகக் காட்டியிருக்கிறது.

அதற்குப் பிறகு எங்கள் வழக்கம் மாறியது. ஃபிளாக் திறக்கும் கடைக்கு முதலிலேயே செய்தி போகும்: உங்களுக்கு முன்னதாக வருகிறது, பிடிக்காவிட்டால் திரையின் மூலையில் இருக்கும் பொத்தானைத் தட்டினால் பழையதற்குப் போய்விடலாம். மரியாதைக்காக வைத்த பொத்தான் அது. எங்களிடம் இருக்கும் அளவுகோல்களிலேயே மிக நம்பகமானதாக அது ஆகிவிட்டது. எத்தனை பேர் அதைத் தட்டுகிறார்கள், எந்த நேரத்தில் தட்டுகிறார்கள் என்று பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். அதோடு, ஒரு பில் போட எவ்வளவு நேரம் ஆகிறது, போட்ட பில்லைச் சில நிமிடங்களுக்குள் ரத்து செய்வது எத்தனை என்று இரண்டு பக்கத்துக் கடைகளையும் எப்போதும் அருகருகே வைத்துப் பார்க்கிறோம். என்னத்தைப் பார்க்கப்போகிறோம் என்று எழுதி வைக்காமல் ஒரு சதவீதம்கூட ஏற்றுவதில்லை.

மெதுவாகப் போனால் மட்டும் போதாது என்பதற்கு மிகப் பெரிய இடத்திலேயே சாட்சி உண்டு. 2025 ஜூன் 12 அன்று கூகுள் கிளவுட் உலகம் முழுவதும் தடுமாறியது. அதற்குக் காரணமான நிரல் மே 29 அன்றே சேர்க்கப்பட்டு, பிராந்தியம் பிராந்தியமாக நிதானமாகத்தான் அனுப்பப்பட்டிருந்தது. ஆனால் அந்த நிரலின் பழுதான பகுதி, ஒரு குறிப்பிட்ட வகைக் கொள்கைத் தரவு வந்தால்தான் ஓடும். அனுப்பிய நாட்களில் அப்படிப்பட்ட தரவு வரவே இல்லை. ஜூன் 12 அன்று சில புலங்கள் வெறுமையாக இருந்த தரவு வந்தது, சில விநாடிகளில் உலகெங்கும் பரவியது, எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் சர்வர்கள் விழுந்தன. அந்தப் பகுதிக்கு ஃபிளாக் பாதுகாப்பு இருந்திருந்தால் முன்பே பிடிபட்டிருக்கும் என்று கூகுளின் அறிக்கையே சொல்கிறது. அவ்வளவு நாளும் படிப்படியாக இறங்கியது நிரல்தானே தவிர, அதன் ஓட்டம் இல்லை. பார்ப்பதற்கு அங்கே எதுவும் நடக்கவே இல்லை.

இந்தத் தொழிலில் ஃபிளாக்கால் ஆகாத காரியம் ஒன்றும் உண்டு. ஒருமுறை மொத்தத் தள்ளுபடியைக் கணக்கிடும் புதிய முறையைச் சில கடைகளுக்குத் திறந்தோம். பைசா முழுமையாக்கலில் ஒரு சின்ன வித்தியாசம் தெரிந்ததும் மூடிவிட்டோம். திரை நேற்றைய நிலைக்குப் போய்விட்டது. போட்ட பில்கள் போகவில்லை. ஜி.எஸ்.டி. விதி 46இன்படி விலைப்பட்டியல் எண்கள் ஒரு நிதியாண்டுக்குள் தொடர்வரிசையாக இருக்கவேண்டும். கொடுத்த பில்லை அழிக்க முடியாது. கிரெடிட் நோட் போட்டுத்தான் நேர்செய்ய முடியும். வாங்கியவர் அந்த பில்லை வைத்து உள்ளீட்டு வரி எடுத்திருப்பார். அவருடைய ஆடிட்டருக்கும் நாம் பதில் சொல்லவேண்டும். ஃபிளாக் நிரலைத்தான் திருப்பும், நடந்ததைத் திருப்பாது. அதன்பிறகு தரவில் மாற்றம் வரும் எந்த வசதியானாலும் முதலில் பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டு, பழைய கணக்கையே பில்லில் அச்சிட்டு, புதிய கணக்கை எங்களுக்கு மட்டும் எழுதி ஒப்பிடுகிறோம். இரண்டும் ஒத்துப்போன பிறகுதான் அச்சில் மாற்றம்.

சட்டமே எல்லோருக்கும் ஒரே நிமிடத்தில் மாறும்போது சதவீதக் கணக்கு உதவாது. 2025 செப்டம்பர் 22 அன்று ஜி.எஸ்.டி. விகிதங்கள் மாறின, பெரும்பாலான மருந்துகள் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதத்துக்கு வந்தன. ஒரு சதவீதம் கடைகளுக்கு மட்டும் முதலில் குறைக்கிறோம் என்று சொல்ல முடியுமா? அங்கே ஃபிளாக்குக்குப் பதில் தேதிதான் சாவி. புதிய விகிதங்களைச் செல்லுபடியாகும் தேதியோடு முன்கூட்டியே கடைகளுக்கு அனுப்பி, மாதிரி பில் போட்டுப் பார்க்கச் சொன்னோம். சந்தேகங்களெல்லாம் 22ஆம் தேதிக்கு முன்பே வந்து தீர்ந்தன. அன்று நள்ளிரவு சப்போர்ட் ஆட்கள் இரண்டு பேர் விழித்திருந்தார்கள். என்னை யாரும் கூப்பிடவில்லை. முன்பு நான் பயந்தது இதற்குத்தான். வந்து பார்த்தபோது அப்படியொன்றும் வலிக்கவில்லை.

ஃபிளாக்கைத் திறக்கும் பயம் போனபிறகு, அதை அழிக்கும் பயம் வந்தது. வசதி எல்லோருக்கும் போய்ச் சேர்ந்த பிறகு ஃபிளாக்குக்கு வேலையில்லை. அதையும் அதன் பின்னால் இருக்கும் பழைய நிரலையும் எடுத்துவிடவேண்டும். எடுக்க மனம் வராது. எங்கோ ஒரு கடை இன்னும் அந்தப் பழைய வழியில் ஓடிக்கொண்டிருந்தால்? இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடுவோம். அப்படி விட்டதன் விலை என்ன என்பதை அறிய நைட் கேப்பிட்டல் கதையைப் படித்தால் போதும். அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனமான அது 2012 ஆகஸ்ட் 1 அன்று புதிய வசதி ஒன்றைத் திறந்தது. அதற்காக ஒரு பழைய ஃபிளாக்கையே மறுபடி உபயோகித்தார்கள். அந்த ஃபிளாக் முன்பு இயக்கிய 'பவர் பெக்' என்ற நிரலை 2003இலேயே நிறுத்தியிருந்தார்கள், அழிக்கவில்லை. எட்டு சர்வர்களில் ஏழுக்குப் புதிய நிரல் போயிற்று, ஒன்றுக்குப் போகவில்லை. அந்த ஒன்றில் ஃபிளாக் எழுப்பியது பழைய நிரலை. 45 நிமிடங்களில் அது 212 சில்லறை ஆர்டர்களுக்காக 40 லட்சத்துக்கும் மேற்பட்ட வர்த்தகங்களைச் செய்து தள்ளியது. பதற்றத்தில் அவர்கள் சரியாக ஓடிய ஏழு சர்வர்களிலிருந்தும் புதிய நிரலை எடுத்துவிட, எட்டிலும் பழையது ஓடத் தொடங்கியது. நஷ்டம் 46 கோடி டாலருக்கு மேல். சந்தை திறப்பதற்கு முன்பே 97 எச்சரிக்கை மின்னஞ்சல்கள் ஊழியர்களுக்குப் போயிருந்தன, யாரும் கவனிக்கவில்லை. அடுத்த ஆண்டு அந்த நிறுவனம் இன்னொன்றோடு இணைந்துவிட்டது.

இதைப் படித்த பிறகு எங்கள் ஃபிளாக் ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாளர் பெயரும் அழிக்கவேண்டிய தேதியும் கட்டாயம் என்று வைத்தோம். ஒருமுறை வைத்த பெயரை மறுபடி வேறெதற்கும் வைக்கக்கூடாது. தேதி தாண்டினால் அந்தப் பொறுப்பாளர் புதிய ஃபிளாக் தொடங்க முடியாது. பட்டியலில் அதிகம் தேதி தாண்டியவை முதலில் என் பெயரில்தான் இருந்தன.

தீராத விஷயம் ஒன்று பாக்கி இருக்கிறது. பெரிய வாடிக்கையாளர்கள் சிலர் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொள்கிறார்கள்: புதிய வசதி எதுவானாலும் மற்ற எல்லோரிடமும் ஓடி நிலைத்த பிறகுதான் தங்களுக்கு வரவேண்டும் என்று. பணம் அதிகம் தருகிறவர்கள், மறுக்க முடியாது. எங்கள் ஹாஷ் கணக்கு எவ்வளவு நியாயமாக இருந்தாலும், அது மிச்சமிருக்கும் சின்னக் கடைகளுக்குள்தான் குலுக்கிப் போடுகிறது. இ-இன்வாய்ஸ் எதிர்த்திசையில் இறங்கியது. முதலில் 500 கோடிக்காரர்கள், அவர்களிடம் தனிக் கணினித் துறையே இருக்கும். ஒரே ஒரு கணக்கருடன் நடக்கும் நிறுவனத்துக்குக் கிட்டத்தட்ட மூன்று வருடம் அவகாசம். தாங்கக்கூடியவர்கள் முதலில் என்ற வரிசை அது. எங்களுடையது, புகார் சொல்லத் தெரியாதவர்கள் முதலில் என்ற வரிசை. எங்கள் கணக்குப் பிரிவையே முதல் வாடிக்கையாளராக வைக்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தாயிற்று. முன்னதாக வாங்கிக்கொள்ளும் கடைகளுக்கு ஆண்டுச் சந்தாவில் தள்ளுபடி கொடுக்கவேண்டும் என்பது என் அடுத்த கோரிக்கை. விற்பனைப் பிரிவு இதுவரை ஒப்புக்கொள்ளவில்லை. ஒவ்வொரு காலாண்டுக் கூட்டத்திலும் அதை எழுப்பிக்கொண்டிருக்கிறேன்.